சாப்பாட்டு மேசைப் பள்ளியில் ஒரு பெயில்

1

சித்தூரில் இந்நேரம் மாங்காய் மண்டிப் பக்கம் கால் வைக்க முடியாமல் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். இங்கே லிபியாவில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே மணல்தான் நின்றுகொண்டிருக்கிறது. மணலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அதனால் சபை மடல் வாசிக்கும் சித்தூர் சபையார் எல்லாருக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற ஜூனோடு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வயது முடிகிறது. பள்ளிக்கூடம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஒரு சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். நான் தலைமையாசிரியர், உதவி ஆசிரியர், வாட்ச்மேன். மாணவர்கள் ஏழு பேர். ஏழும் என் பிள்ளைகள்.

சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஆசீர்வாதம். சித்தூரில் மிஷன் ஆரம்பப் பள்ளியில் பதினோரு வருஷம் வாத்தியாராக இருந்தவன். என் மனைவி ரூபவதி நர்ஸ். எழுபத்தாறாம் வருஷம் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் வேலைக்கு வந்தாள், நான் அவளோடு வந்தேன். இந்த நாட்டின் குடியிருப்பு அட்டையில் என் பெயருக்குக் கீழே 'மனைவியைச் சார்ந்தவர்' என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள், கோபித்துக்கொள்ள முடியாது.

வந்தபோது பிள்ளைகள் ஆறு, ஏழாவது இங்கே பிறந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த சுவருக்கு முன்னால் நின்று ஊர் ஜனங்களுக்குப் புத்தி சொன்னவள் என் மனைவி. அவளுக்கே ஏழு என்று நீங்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. சிரித்து முடியுங்கள்.

இங்குள்ள பள்ளியில் எல்லாப் பாடமும் அரபி. தமிழும் தெலுங்கும் தெரிந்த பிள்ளைகளை அதில் உட்கார வைத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து ஊர் திரும்பினால் எந்த வகுப்பில் சேர்ப்பது? எனக்கோ வேலை செய்ய அனுமதி கிடையாது. பதினோரு வருஷம் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்குமா? ஊரிலிருந்து பச்சைத் தகரப் பெட்டி நிறையப் பாடப் புத்தகங்கள் கொண்டுவந்திருந்தேன். தமிழ்ப் புத்தகங்கள் சித்தூரில் வாங்கியவை, தெலுங்குப் புத்தகங்கள் திருப்பதியில் வாங்கியவை. ஜூன் மாதம் ஒரு காலையில் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன். பள்ளி திறந்தது.

2

எங்கள் பள்ளியின் சட்டதிட்டங்கள் சித்தூர் மிஷன் பள்ளியுடையவையே, ஒரு எழுத்து குறையாது. எட்டு மணிக்குத் தட்டு அடித்தால் ஜெபம், பிறகு ஹாஜர். மிஷன் பள்ளிகளுக்கு மேலே கரஸ்பாண்டென்ட் என்று ஒருவர் இருப்பாரல்லவா, எங்களுக்கு அது ரூபவதி. சம்பளம் கொண்டுவருகிறவர்தான் கரஸ்பாண்டென்ட். மழை லீவு இங்கே கிடையாது. தெற்கிலிருந்து புழுதிக்காற்று கிளம்பினால் மணல் லீவு. வெள்ளிக்கிழமை ஊருக்கே விடுமுறை என்பதால் ஞாயிறு பள்ளியையும் வெள்ளிக்கிழமைதான் நடத்துகிறோம். ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை என்னை யாரும் நைனா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும். மறுபடி தட்டு அடித்தபின் நான் நைனா. சிவப்பு மசியில் போட்ட மார்க்கைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கூட்டலில் மீதியை மறந்தால் நாற்காலி மேல் ஏறிப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். ஏழு பேரும் ஏறியிருக்கிறார்கள். அந்த நாற்காலியின் பிரம்பு தொய்ந்துபோனது அதனால்தான்.

கணக்குகளை நானே எழுதுவேன். பாகாலா ஜங்ஷனிலிருந்து ஒரு ரயில் புறப்படும். அலிபிரியில் காலை ஆறு மணிக்கு இரண்டு பேர் திருப்பதி மலையேறத் தொடங்குவார்கள், ஒருவன் வேகமாக ஏறுவான், இன்னொருவன் படிக்குப் படி உட்காருவான். சித்தூர் மண்டியில் வெல்லம் மூட்டை மூட்டையாக வரும். இப்படியாவது ஊர் பெயர்கள் பிள்ளைகள் காதில் விழட்டும் என்று எண்ணம். பலன் என்ன தெரியுமா? இங்கே பிறந்த கடைக்குட்டி பிலிப்பு போன மாதம் கேட்டான்:

"பாகாலா நெசமாவே கீதா நைனா? இல்ல கணக்குக்கா நீயே செஞ்சதா?"

நான் அந்த ஜங்ஷனில் வண்டி மாறக் காத்துக்கிடந்த மணி நேரங்களையெல்லாம் கூட்டினால் ஒரு மாதம் தேறும். அதை அவனிடம் சொன்னேன். அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அடுத்த நிமிஷம், "நைனா, குப்ஸ் துன்னலாமா?" என்று கேட்டுக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டான். குப்ஸ் என்றால் இந்த ஊர் ரொட்டி. ரொட்டி என்ற தமிழ்ச் சொல்லை அவன் வாயில் கேட்டு நாளாகிறது.

3

இப்போது எண்பத்தொன்றாம் வருஷ விஷயம்.

மூன்றாவது பிள்ளை தானியேல் அப்போது ஐந்தாம் வகுப்பு, வயது பதினொன்று. அவனுக்கு அடுத்தவள் சாரா நாலாம் வகுப்பு. தானியேலுக்குப் புத்தியில் குறைவில்லை. ஆனால் கண் எப்போதும் ஜன்னலில் இருக்கும். எதிர்வீட்டு லாரிக்காரரோடு பேசிப் பேசி அரபியைக் கரைத்துக் குடித்துவிட்டான். கணக்கைத்தான் குடிக்கவில்லை.

முழுப் பரீட்சை வைத்தேன். கார்பன் தாள் வைத்துக் கேள்வித்தாள் எழுதி, மேசையில் பிள்ளைகளுக்கு நடுவே அட்டைப் பெட்டிகளை நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்க்காதபடி உட்கார வைத்தேன். தேற முப்பத்தைந்து வேண்டும். தானியேல் கணக்கில் வாங்கியது இருபத்தாறு. நான் இரண்டு தடவை யோசிக்கவில்லை. சிவப்பு மசியில் பெயில் என்று எழுதினேன். ஜூனில் சாரா ஐந்தாம் வகுப்புக்கு வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரூபவதி அன்று சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏழு புள்ளைங்க, ஒரு மேசை. அதுல ஒரு புள்ளைய பெயில் போட ஒங்களாலதாங்க முடியும்."

"ரூல்னா ரூல்தான் ரூபா," என்றேன்.

அதோடு விட்டேனா? இதே சபை மடலுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். பெற்ற பிள்ளை என்றும் பாராமல் பெயில் போட்டதை, உவமானம் எல்லாம் வைத்து எழுதினேன். அது அச்சானது. போதகர் ஐயா பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னாராம். 'உங்களைப் போல் பத்து வாத்தியார் இருந்தால் போதும்' என்று மூன்று பேர் கடிதம் எழுதினார்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆக, சித்தூரில் தானியேலை நேரில் பார்க்காதவர்களுக்கும் அவனைத் தெரியும். பெயிலான பையன். நான்தான் தெரியப்படுத்தினேன்.

அந்த ஜூனிலிருந்து ஒரு மாறுதல். பன்னிரண்டரைக்குத் தட்டு அடித்த பிறகும் தானியேல் என்னைச் சார் என்றே கூப்பிட்டான். சாப்பிடும்போது சார், காய்ச்சலில் படுத்திருக்கும்போது சார். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

4

வருஷத்துக்கு ஒருமுறை குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். ரூபவதிக்கு டியூட்டி. எனக்கு அரபியில் ரொட்டி, தண்ணீர், நன்றி மூன்றுதான் தெரியும். அதனால் தானியேலைத்தான் கூட்டிப்போவேன். இந்த வருஷமும் போனோம். எட்டுப் பேருக்கு எட்டுப் படிவம், ஒவ்வொன்றுக்கும் நாலு போட்டோ. இந்த ஜன்னலில் நின்றால் அந்த ஜன்னலுக்குப் போ என்பார்கள், அந்த ஜன்னலில் தொழுகைக்குப் போயிருப்பார்கள். நம் ஊர் கலெக்டர் ஆபீசை நினைத்துக்கொண்டேன், மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசி ஜன்னலில் இருந்த அதிகாரி என்னைக் காட்டி ஏதோ கேட்டார். தானியேல் பதில் சொன்னான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

"இன்னா கேட்டாரு?" என்றேன்.

"நீங்க இன்னா வேல செய்றீங்கன்னு கேட்டாரு சார். ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"டீச்சருன்னு சொல்லக் கூடாதா?"

"டீச்சருன்னா பர்மிட் எங்கேன்னு கேப்பாரு சார்."

சரியான பதில்தான். எட்டு அட்டைகளையும் எண்ணிப் பையில் வைத்து, என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்தவனும் அவன்தான். அவனுக்குப் பதினாலு வயது, என்னைவிட அரை அடி உயரம். வழியெல்லாம் கடைக்காரர்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னை யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரூபவதியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ள ஒங்கள நைனான்னு கூப்ட்டு எத்தினி நாளாச்சு? அதுக்கு ஒரு ரிஜிஸ்டர் வெச்சிருக்கீங்களா?"

"சாலு, சாலு," என்று தெலுங்கில் தப்பிக்கப் பார்த்தேன். போதும் என்பதைத் தெலுங்கில் சொன்னால் சண்டை சீக்கிரம் முடியும் என்பது எங்கள் கல்யாண நாள் முதல் என் நம்பிக்கை. அன்று முடியவில்லை.

"அடுத்த மாசம் அவன் சித்தூரு போறான். அதுக்கப்பறம் கேக்கணும்னு நெனச்சாலும் கேக்க முடியாது," என்றாள்.

5

ஆமாம், போகிறான். மூத்தவள் மெர்சி ஏற்கெனவே பிரைவேட்டாகப் பத்தாவது எழுதித் தேறி, சித்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இந்த ஜூனில் தானியேலும் சாராவும் அங்கே எட்டாம் வகுப்பில் சேர வேண்டும். ஹைஸ்கூலுக்கு எழுதிக் கேட்டதில் பதில் வந்தது: கடைசியாகப் படித்த பள்ளியின் டி.சி.யும், ஐந்தாம் வகுப்பு முதல் மார்க் பட்டியலும் வேண்டும். விரும்பினால் மேல் வகுப்புக்கும் டெஸ்ட் எழுதலாம்.

மெர்சி விஷயத்திலேயே இந்தக் கூத்தைப் பார்த்தாயிற்று. சித்தூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா, "மீ ஸ்கூல் பேரேமண்டி?" என்று பள்ளியின் பெயரைத் தெலுங்கில் கேட்டார். டைனிங் டேபிள் என்று சொல்ல முடியுமா? 'வீட்டுப் போதனை' என்று எழுதிக் கொடுத்தேன். அது எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று கேட்டார்.

இந்தத் தடவை முறையாகச் செய்துவிடலாம் என்று பச்சைத் தகரப் பெட்டியைத் திறந்தேன். இதுவரை எழுதிய பரீட்சைத் தாள் ஒன்றையும் நான் தூக்கிப் போட்டதில்லை. எண்பத்தொன்று, ஐந்தாம் வகுப்பு, கணக்கு, தானியேல். முகப்பில் பக்கவாரியாக நான் எழுதிய மார்க்குகள்: ஒன்பது, எட்டு, ஏழு, பன்னிரண்டு. கீழே சிவப்பில் இருபத்தாறு.

பட்டியலில் எழுதும் முன் பழக்க தோஷத்தில் ஒருமுறை கூட்டினேன். ஒன்பதும் எட்டும் பதினேழு, ஏழு சேர்த்தால் இருபத்திநாலு, இரண்டு சேர்த்தால் இருபத்தாறு. ஆறு போட்டு மீதி இரண்டு. பத்தாமிடத்தில் ஒன்று, மீதி இரண்டு, மூன்று. முப்பத்தாறு.

மறுபடி கூட்டினேன். கீழிருந்து மேலே கூட்டினேன். பிலிப்புவின் தீப்பெட்டியை வாங்கிக் குச்சிகளை வைத்து எண்ணினேன். முப்பத்தாறேதான். அன்று நான் மீதி இரண்டுக்குப் பதில் மீதி ஒன்று போட்டிருக்கிறேன். என் பையன் கணக்கில் தேறியிருந்தான். தேறாதவன் வாத்தியார்.

உள்ளதைச் சொல்கிறேன். முதலில் வந்த நினைப்பு பெட்டியை மூடிவிடலாம் என்பதுதான். யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு நாள் மூடியும் வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் தானியேல் 'சார்' என்று கூப்பிடும்போதெல்லாம் நான் பெட்டி இருக்கும் பக்கம் பார்த்தேன்.

6

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழரைக்குக் குடும்ப ஜெபம். முடிவில், சின்னவன் முதல் பெரியவர் வரை ஆளுக்கொரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். பிலிப்பு சர்க்கரை தின்றதைச் சொல்வான், சாரா பொய் சொன்னதைச் சொல்வாள். கடைசியில் நான், 'இன்று கோபப்பட்டேன்' என்பேன். எட்டு வருஷமாக அதே தப்பு. பிள்ளைகள் ஆமென் சொல்லிவிட்டுச் சோற்றுக்கு ஓடுவார்கள்.

மூன்றாம் நாள் என் முறை வந்தபோது தாளை மேசை மேல் வைத்தேன். "தானியேலு, இதக் கூட்டுடா," என்றேன்.

அவன் தாளைத் தொடவே இல்லை. "முப்பத்தாறு சார்," என்றான்.

"பாக்காமயே சொல்ற?"

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். தாள் குடுத்தப்பவே கூட்டிப் பாத்தேன்."

மற்ற பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏண்டா சொல்லல?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"செவப்பு மசில போட்டா பேசக் கூடாதுன்னு ரூலு." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுவுமில்லாம, நீங்க வேணும்னே போட்டீங்கன்னு நெனச்சேன். சபைக்கு எழுதறதுக்காக."

மூன்று வருஷம். ஒரு பிள்ளை மூன்று வருஷமாக, தன் தகப்பன் நாலு பேர் மெச்ச வேண்டும் என்று தன்னைப் பெயில் போட்டதாக நினைத்துக்கொண்டு, அந்தத் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. அதை எழுதும்போது இப்போதும் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

"இல்லடா கண்ணு," என்றேன். "சத்தியமா இல்ல. மீதி ரெண்டு வரணும். நான் ஒண்ணு போட்டுட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "மீதியா?"

"மீதிதான்."

"மீதிய மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

முதலில் அவன் உதடு கோணியது. அழப் போகிறான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் சிரிக்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. அப்புறம் எழுந்து அந்தத் தொய்ந்த பிரம்பு நாற்காலியை இழுத்து நடு வீட்டில் போட்டான்.

"ஏறு நைனா," என்றான்.

பிலிப்பு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "ஏறு நைனா, ஏறு நைனா," என்று ஆறு பிள்ளைகளும் ஒரே கூச்சல். ஏறினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு நொடி குறையாமல் நின்றேன். தானியேல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு டியூட்டி முடிந்து உள்ளே வந்த எங்கள் கரஸ்பாண்டென்ட், நாற்காலி மேல் நிற்கும் தலைமையாசிரியரைப் பார்த்தாள். தானியேலின் முகத்தையும் பார்த்தாள். கைப்பையைக் கூட வைக்காமல் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

7

மறுநாள் ரிஜிஸ்டரைத் திருத்தினேன். தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் செல்லாது என்று தானியேல் சொல்லிவிட்டதால் ரூபவதியும் கையெழுத்துப் போட்டாள்.

டி.சி.யில் என்ன வகுப்பு எழுதுவது என்று பேச்சு வந்தது. "எட்டாவது பாடத்தையே நீ படிக்கலியேடா," என்றேன்.

"ஸ்டீபண்ணன் புக்க எடுத்துப் போன வருஷமே படிச்சிட்டேன் நைனா. மத்தியானத்துல படிச்சிக்கினு இருந்தேன். ஒன்பதாவதுக்கே டெஸ்ட்டு எழுதறேன்." ஸ்டீபன் எங்கள் இரண்டாவது பையன். அந்தப் புத்தகத்தைக் காணோம் என்று அவனை நான் ஒருமுறை நாற்காலியில் ஏற்றியதும் ஞாபகம் வந்தது. அதற்கும் ஒரு பத்து நிமிஷம் பாக்கி இருக்கிறது.

சாராவுக்குத்தான் கவலை. "அப்ப இவன மறுபடியும் அண்ணான்னு கூப்புடணுமா? கிளாஸ்மேட்டுன்னு இத்தினி நாளு டேய்ன்னுதான கூப்ட்டுக்கினு இருந்தேன்!" கூப்பிடத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது.

தானியேல் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "பெயிலுன்னு சபைக்கு எழுதினியே நைனா, பாஸுன்னும் எழுது. நான் அங்கதான இருக்கப் போறேன்."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன்கள் வரிசையில் உயரமாக ஒருவன் உட்கார்ந்திருப்பான். தமிழுக்கு நடுவில் அரபி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் மகன் பெயிலான கதையை அவனிடம் எடுக்காதீர்கள். நான் எழுதியது தப்பு. போதகர் ஐயா அந்தப் பிரசங்கத்துக்கு வேறு உதாரணம் பார்த்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிவைத்த பக்கத்தை வேதாகமத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது கணக்குத் தாள் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு, முழுப் பரீட்சை, கணக்கு. ஆ. தானியேல், முப்பத்தாறு. தேறினான்.

இதுவரை எழுதிவிட்டு, தபாலில் சேர்க்கும் முன் தானியேலிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தான். ஐந்தாவது பகுதிக்கு வந்ததும் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒன்பது, எட்டு, ஏழு, பன்னிரண்டு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மீதியை மேலே பெரிதாகப் போட்டுக் கூட்டிப் பார்த்தான்.

"சரியாகீது நைனா. ஒட்டிடு," என்றான்.

ஒட்டிவிட்டேன்.